நடுத்தண்ணீரில் பெட்ரோல் ஊற்றும் இரண்டு நிமிடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழை பிடித்துக் கண்மாய்கள் நிரம்பிவிட்டால் மதுரையைச் சுற்றிலும் சின்னப் படகுகள் தண்ணீரில் இறங்கிவிடும். மீன்பாசி ஏலம் எடுத்தவர்களின் பைபர் படகு, அணையில் போய்வரும் படகு, வெள்ளம் வந்தால் தெருவுக்குள் நுழையும் ரப்பர் படகு என்று எதை எடுத்தாலும், மோட்டார் வைத்ததாக இருந்தால் அதன் பின்பலகையில் தொங்குவது பெரும்பாலும் ஒரு சிறிய அவுட்போர்டு இன்ஜின்தான். உங்கள் மதுரைப் பதிப்பை ராமநாதபுரம் கடற்கரையிலும் படிக்கிறார்கள். அங்கே அது அன்றாடப் பிழைப்புக் கருவி. லைஃப் ஜாக்கெட் போடச் சொல்லி எல்லாரும் எழுதுகிறார்கள், நல்லதுதான். போகிற வழியில் பெட்ரோல் தீர்ந்தால் அதை எப்படி ஊற்றுவது என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. சின்னப் படகு தீப்பிடிக்க அந்த இரண்டு நிமிடத்தைவிடத் தோதான நேரம் கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே.

முதலில் எங்கள் தரப்பைச் சொல்லிவிடுகிறோம். தண்ணீரில் வைத்து ஊற்றும் தேவையே வராதபடி கரையில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கண்மாய், குளம், ஊருணி என்றால் இதற்கு விதிவிலக்கே கிடையாது; துடுப்பு போட்டால் சற்று நேரத்தில் கரை. கடலிலும் பெரிய அணையிலும் வெள்ளத்திலும் மட்டும் வேறு வழியில்லாத நிலை வரலாம். அங்கேயும் ஊற்றுவதைவிட டேங்கையே மாற்றிக்கொள்வது மேல்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? எரிவது பெட்ரோல் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூட, நெருப்பைக் காட்டினால் பற்றும் அளவுக்கு அது ஆவி விடும்; நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். சாலையோரம் நிற்கும் பைக்கில் சிந்தினால் தரையோடு பரவிக் கலைந்துவிடும். படகோ அண்டா மாதிரி. உள்ளே இறங்கிய ஆவி போக வழியில்லாமல் அடிப்பலகைக்குக் கீழே தேங்கிக் கிடக்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றும். ஏறத்தாழ 7.6 சதவீதத்தைத் தாண்டினால்தான் காற்று போதாமல் பற்றாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மில்லி பெட்ரோல் முழுவதும் ஆவியானால் சுமார் 18 லிட்டர் ஆவி வரும். ஏறக்குறைய 1,300 லிட்டர் காற்றைப் பற்றக்கூடியதாக மாற்ற அது போதும். 4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள படகில், அடியிலிருந்து ஒரு அடி உயரம் வரைக்கும் உள்ள இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அரை டம்ளர் சிந்தியதற்கு 'காய்ந்துவிடும்' என்று சொல்பவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். காய்வது என்றால் ஆவியாவது.

சிறிய இன்ஜின்களில் இன்னொரு சங்கடம் உண்டு. 2, 2.5, 4 எச்.பி. இன்ஜின்களுக்கு டேங்க் தனியாக இல்லை. இன்ஜினின் தலையிலேயே, மேல்மூடிக்குள் இருக்கிறது. கொள்ளளவு ஒரு லிட்டர், அல்லது அதைவிடச் சற்றுக் கூட. அதற்குக் கீழேதான் சிலிண்டரும் ஸ்பார்க் பிளக்கும் அதன் வயரும். வழிந்த பெட்ரோல் நேராகச் சூட்டின்மேலும், கீறல் விட்ட பிளக் கேப்பின்மேலும் இறங்கும். இன்ஜினை நிறுத்தாமல் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால், அவர்கள் தைரியசாலிகள் என்று தோன்றுவதில்லை. இந்த அமைப்பைத் திறந்து பார்த்ததில்லை என்றுதான் தோன்றுகிறது.

ஆகவே கணக்கு கரையில் தொடங்க வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் முழு வேகத்தில் ஓடினால் ஒரு எச்.பி.க்கு மணிக்கு சுமார் 0.4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய டூ-ஸ்ட்ரோக் என்றால் அரை லிட்டருக்கு மேல். அப்படிப் பார்த்தால் 2.5 எச்.பி. இன்ஜினின் ஒரு லிட்டர் டேங்க் ஒரு மணி நேரம் வரும், 4 எச்.பி. இன்ஜின் முக்கால் மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும். 9.9 எச்.பி. இன்ஜினுக்கு 12 லிட்டர் தனி டேங்க் மூன்று மணி நேரம். ஆக்சிலேட்டரைப் பாதிக்குக் குறைத்தால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும், ஆனால் கணக்கை எப்போதும் முழு வேகத்துக்கே போட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு. எதிர்க்காற்றில் திரும்பும்போது போன செலவைவிடக் கூடுதலாகும் என்பது தொண்டிக் கரையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அணைக்கட்டில் புதிதாகப் படகு ஓட்டுகிறவர்களுக்குத்தான் இது உறைப்பதில்லை.

தனி டேங்கைப் படகுக்குள் வைத்து நிரப்பக் கூடாது. தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்து மண் தரையில் வைத்து நிரப்ப வேண்டும். பங்க்கில் நிரப்பினாலும் ஆட்டோவிலோ டாடா ஏஸிலோ இருந்தபடி நிரப்பாமல் கீழே இறக்கி, நாசிலின் முனை டேங்க் வாயைத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி பிடித்து நிரப்ப வேண்டும். பெட்ரோல் குழாயில் ஓடும்போது நிலைமின்சாரம் சேரும். உலோகக் கேன் தரையில் இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். ரப்பர் விரிப்பு போட்ட வண்டித் தளத்தில் இருந்தால் இறங்க வழியில்லாமல் ஒரு பொறியாகத் தாவும். உரிமம் இல்லாமல் சொந்தத் தேவைக்கு வைத்துக்கொள்ள 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம் அனுமதிப்பது மொத்தம் 30 லிட்டர்தான். உலோகக் கேன் ஒவ்வொன்றும் 25 லிட்டரைத் தாண்டக் கூடாது, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். இன்ஜினோடு வரும் சிவப்பு டேங்க் அந்த வேலைக்கென்றே செய்தது, அது வேறு. ஆனால் குடிதண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுபோவது நம் பக்கம் இன்னும் போகவில்லை. வெயிலில் பாட்டில் உப்பும், மூடி கசியும். அதைவிட, தாகத்தில் கைக்கு எட்டியதை எடுத்துக் குடிக்கும் ஆபத்தும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் ஏறும் படகில் இதை நினைத்தாலே பதறுகிறது.

டேங்கையோ கேனையோ கழுத்து வரை நிரப்புவது சிக்கனம் அல்ல. பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு பெருகும். காலை 6 மணிக்கு நிரப்பிய 20 லிட்டர், மதியத்துக்குள் 20 டிகிரி சூடேறினால் 400 மில்லி கூடிவிடும். பத்தில் ஒரு பங்கு இடம் விட்டுவைத்தால் அது உள்ளேயே அடங்கும். இல்லையென்றால் மூடி வழியே படகின் அடிக்கு.

இனி, 'பெட்ரோல் தீர்ந்துவிட்டது' என்ற பேச்சுக்கு வருவோம். பாதி நேரம் தீர்ந்திருக்காது. தனி டேங்கின் மூடியில் ஒரு காற்றுத் திருகு இருக்கும். ஏற்றிக்கொண்டு வரும்போது அதை இறுக்கி மூடுவார்கள், ஓட்டும்போது திறக்க மறந்துவிடுவார்கள். இன்ஜின் பத்து நிமிடம் நன்றாக ஓடும். டேங்குக்குள் வெற்றிடம் ஏற ஏற முக்கி, திணறி, நின்றுவிடும். பெட்ரோலை அமுக்கி ஏற்றுவதற்காகக் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பு ஒட்டிப்போய் மறுபடி உப்பாமல் கிடந்தால் காரணம் இதுதான், அல்லது டேங்குக்குள் இருக்கும் வடிகட்டி அடைத்திருக்கிறது. திருகைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் சந்தேகமே வேண்டாம். மாறாக, எவ்வளவு அமுக்கினாலும் பல்பு கல்லாகாமல் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. பெரும்பாலும் இணைப்பு முனையிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், அல்லது பல்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு பழுது. கல்லாக மறுத்து, கூடவே இன்ஜின் மூடிக்குள் பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டரின் மிதவை ஊசி அடைக்காமல் பெட்ரோல் வழிகிறது. அந்த நிலையில் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கவே கூடாது. சின்ன டேங்க் இன்ஜினிலும் மூடியின்மேல் காற்றுத் திருகு உண்டு. ஆகவே கேனைத் திறக்கும் முன் டேங்கை ஆட்டிப் பாருங்கள், திருகைப் பாருங்கள், பெட்ரோலைத் திறந்து மூடும் குமிழான 'பெட்ரோல் காக்' திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஊற்றும் தேவை பாதி அங்கேயே ஒழிந்துவிடும்.

உண்மையிலேயே தீர்ந்துபோய், இரண்டாவது தனி டேங்க் படகில் இருந்தால் வேலை சுலபம். இன்ஜினை நிறுத்தி, காலி டேங்கின் இணைப்பைக் கழற்றி, முனையிலிருந்து வடியும் சில சொட்டைத் துணியில் வாங்கி, நிறைந்த டேங்கில் மாட்டி, காற்றுத் திருகைத் திறக்க வேண்டும். பல்பின் மேலுள்ள அம்புக்குறி இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும். இன்ஜின் பக்க முனை மேலாக இருக்கும்படி பல்பை நிமிர்த்திப் பிடித்து அமுக்கினால் ஒருவழி வால்வுகள் சரியாக உட்காரும். ஐந்தாறு அமுக்கில் கல்லாகிவிடும். காலி டேங்கின் மூடியையும் திருகையும் உடனே அடைத்துவிட வேண்டும். காலி என்று அலட்சியமாகத் திறந்து போடுவார்கள். நிறைந்த டேங்கைவிட ஆவி நிரம்பிய காலி டேங்கே வெடிக்க அதிகத் தயாராக இருக்கும்.

குழாயைக் கட்டும் விதம் தனிக் கதை. துருப்பிடிக்காத கிளிப் ஒன்றின் விலைக்குக் கஞ்சப்பட்டுக் கட்டுக் கம்பியை முறுக்குகிறார்கள். கம்பி நாளடைவில் ரப்பரை அறுத்து உள்ளே இறங்கும். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பல அவுட்போர்டு இன்ஜின்களின் கையேடு 10 சதவீதம் வரைக்கும்தான் ஏற்கிறது. பழைய குழாய் இதில் உப்பும், பிசுபிசுக்கும், பிறகு வெடிக்கும். விரலால் மடித்துப் பார்த்தால் மேல்தோலில் கீறல் தெரியும். தெரிந்தால் மாற்றிவிட வேண்டும், ஒட்டுப்போடக் கூடாது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பாதி காலியான கேனை மாதக்கணக்கில் படகுக் கொட்டகையில் வைத்திருந்தால் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும், அதை ஊற்றிய இன்ஜின் நடுத்தண்ணீரில் நிற்கும். நின்ற இன்ஜினில் மறுபடி பெட்ரோல் ஊற்றத் தோன்றும்.

டேங்க் மாற்ற வழியில்லை, கேனிலிருந்துதான் ஊற்ற வேண்டும் என்றால், இப்படிச் செய்யுங்கள்.

முழுதும் தீரும்வரை காத்திருக்காமல், படகு இன்னும் கைவசம் இருக்கும்போதே இடம் பார்க்க வேண்டும். அலை குறைந்த மறைவு, மற்ற படகுகளிலிருந்து விலகிய இடம். நங்கூரத்தைப் படகின் முன்முனையான அணியத்திலிருந்துதான் போட வேண்டும். பின்முனையான அமரத்திலிருந்து போட்டால் இன்ஜின் பாரத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பின்பலகை வழியே அலை ஏறும். அணியத்தில் நங்கூரம் விழுந்தால் படகு தானாகக் காற்றுக்கு முகம் கொடுக்கும், ஆவி இன்ஜினைத் தாண்டிப் பின்பக்கம் தண்ணீரின்மேல் போய்விடும். மற்றவர்கள் எல்லாரும் அணியத்தை நோக்கி நகர்ந்து உட்கார வேண்டும், நிற்கக் கூடாது. பீடி, சிகரெட், அடுப்பு எல்லாம் அணைய வேண்டும். தண்ணீர் இறைக்கும் மின் பம்ப் இருந்தால் அதன் ஸ்விட்சைத் தொடக் கூடாது. இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினை உடனே நிறுத்தும் கில் ஸ்விட்சின் கயிற்றை உருவிக்கொள்ளுங்கள். பிறகு பத்து நிமிடம் சும்மா இருங்கள். காற்றால் குளிரும் 2 எச்.பி. ரக இன்ஜின்களில் சைலன்சர் பக்கம் இன்னும் நேரம் பிடிக்கும். மேல்மூடியில் புறங்கையை வைத்தால் சுடாமல் இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடப் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை என்பதுதான் இந்த விஷயத்தில் பெரிய தொந்தரவு.

பெட்ரோல் காக்கை மூடிவிடுங்கள். மூடாமல் ஊற்றினால் மேலிருந்து வரும் பாரத்தில் கார்புரேட்டர் வழியலாம். டேங்க் மூடியை ஒரே திருகில் கழற்றாமல், கால் திருப்பு திருப்பி, உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியேறிய பிறகு எடுக்க வேண்டும். வாயைச் சுற்றி ஒரு பழைய பனியன் துணியை வளையமாகக் கட்டிவிட்டால் சொட்டுவது அதிலேயே நிற்கும்.

கேன் அளவுதான் பாதி வெற்றி. பெட்ரோல் ஒரு லிட்டர் சுமார் முக்கால் கிலோ. 20 லிட்டர் கேன் 15 கிலோ. ஆடும் படகில் அதைச் சாய்த்து ஒரு லிட்டர் டேங்கில் ஊற்றுவது நடக்கிற காரியமல்ல, 'குபுக்' என்று முதல் சாய்ப்பிலேயே கால் லிட்டர் கீழே. டேங்கின் கொள்ளளவைவிடச் சற்றுக் குறைவாக, 1.1 லிட்டர் டேங்க் என்றால் 900 மில்லி அளவுக்கு, சிறிய உலோகக் கேன்களில் கரையிலேயே பிரித்து எடுத்து வரவேண்டும். டேங்க் முழுதும் காலி என்றால் ஒரு கேனை அப்படியே கவிழ்க்கலாம், வழியாது. எட்டிப் பார்த்து அளவு பிடிக்கும் வேலையும் இல்லை. தனி டேங்கில் ஊற்றுவதற்கு 5 லிட்டர் கேனுக்கு மேல் வேண்டாம். புனல் வலைவைத்த உலோகப் புனலாக, கழுத்து நீண்டதாக இருக்கட்டும். பாட்டிலை அறுத்துச் செய்த புனல் நழுவும், அதில் நிலைமின்சாரம் இறங்கவும் வழியில்லை. கேன் வாய் புனலைத் தொட்டுக்கொண்டும், புனல் டேங்க் வாயைத் தொட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். ஊற்றுகிறவர் முழங்காலிட்டு, வயிற்றோடு கேனை அணைத்து, நூல்போல ஊற்ற வேண்டும். இன்னொருவர் துடுப்போடு அலையைப் பார்த்துக்கொண்டு, பெரிய அலை வந்தால் குரல் கொடுக்க வேண்டும்; குரல் கேட்டதும் கேனை நிமிர்த்த வேண்டும். பின்பலகையைத் தாண்டி வெளியே தொங்கிக்கொண்டு ஊற்றும் வித்தை வேண்டவே வேண்டாம்.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சி இழுப்பது நம் ஊரில் பழக்கம். பெட்ரோல் தொண்டைக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் கொடியது, மண்ணெண்ணெயும் அப்படித்தான். தவறி உள்ளே போய்விட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, மறுபடியும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். கையால் குலுக்கினால் தானே இழுக்கத் தொடங்கும் சைபன் குழாய் கிடைக்கிறது; தனி டேங்குக்கு அது மிக நல்ல சாமான்.

ஊற்றி முடித்தவுடன் கயிற்றை இழுக்கத் தாவுவார்கள். முதலில் மூடிகள் இரண்டையும் இறுக்குங்கள். கேனை அணியப் பக்கம், வெயில் படாமல், சாயாமல் கட்டி வையுங்கள். சிந்தியதைத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்; இன்ஜின் மூடிக்குள் செருகி வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். படகடியில் தண்ணீர் கிடந்தால் பெட்ரோல் அதன்மேல் மிதக்கும், பஞ்சால் ஒற்றினால் வந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்து, குனிந்து, பலகை மட்டத்தில் முகர்ந்து பார்க்க வேண்டும். நின்றபடி முகர்ந்தால் ஒன்றும் தெரியாது, ஆவி கீழேதான் கிடக்கும். வாடை இல்லையென்றால் காற்றுத் திருகைத் திறந்து, காக்கைத் திறந்து, இன்ஜின் அடியில் சொட்டுகிறதா என்று ஒரு தடவை பார்த்து, கில் ஸ்விட்ச் கயிற்றை மாட்டி, அதன்பிறகு ஸ்டார்ட் செய்யலாம். பெட்ரோல் பட்ட சட்டையோடு உட்கார்ந்து ஓட்டக் கூடாது; கழற்றித் தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஆயில் கலப்பதையும் கரையிலேயே முடித்துவிட வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 5 லிட்டருக்கு 100 மில்லி, 12 லிட்டருக்கு 240 மில்லி. பழைய இன்ஜின்களில் 25-க்கு 1 கேட்பதும் உண்டு, அப்போது லிட்டருக்கு 40 மில்லி. இன்ஜினின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான். பாதி பெட்ரோலில் ஆயிலை ஊற்றிக் குலுக்கி, பிறகு மீதியைச் சேர்த்தால் நன்றாகக் கலக்கும். பைக் டூ-ஸ்ட்ரோக் ஆயில் காற்றில் குளிரும் இன்ஜினுக்கானது. தண்ணீரில் குளிரும் அவுட்போர்டுக்கு டி.சி.டபிள்யூ-3 என்று டப்பாவில் போட்டிருப்பதை வாங்க வேண்டும். அவசரத்துக்கு ஆயில் இல்லாத பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அப்புறம் துடுப்புதான். ஃபோர்-ஸ்ட்ரோக்கும் டூ-ஸ்ட்ரோக்கும் ஒரே கொட்டகையில் இருந்தால் கேன்களுக்கு வெவ்வேறு பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின்களைப் பற்றி: அவை பெட்ரோலில் கிளம்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாறுகின்றன. ஆகவே படகில் இரண்டும் இருக்கும். 'மண்ணெண்ணெய்தானே, பற்றாது' என்ற நம்பிக்கை தப்பு. அதன் ஆவி பற்றத் தொடங்கும் சூடு 38 டிகிரியை ஒட்டித் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் படகுப் பலகை அதைத் தாண்டும். பெட்ரோல் ஊற்றிய புனலையும் கேனையும் கழுவாமல் மண்ணெண்ணெய்க்குப் பயன்படுத்தினால், கலந்த அந்தக் கொஞ்சம் பெட்ரோலே போதும், இன்னும் கீழான சூட்டிலேயே பற்றும். இன்ஜின் நின்றுபோய்ச் சூடாக இருக்கும்போது சின்னப் பெட்ரோல் டேங்கில் ஊற்றும் நேரம்தான் இவர்களுக்கு மிகவும் மோசமான நேரம்.

வெள்ளம் வேறு மாதிரி. 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது பலருக்கும் நினைவிருக்கும். அப்படித் தெருவுக்குள் படகு போகும்போது மூழ்கிய பைக்குகளிலிருந்து கசிந்த பெட்ரோல் ஏற்கெனவே தண்ணீர்மேல் மிதக்கலாம். மாடிகளில் மெழுகுவர்த்தி எரியும், அடுப்பு எரியும். இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றும் ஓடாது. அந்த இடத்தில் கேனைத் திறப்பது சரியல்ல. ஒரு படகு மக்களை ஏற்றும்போது இன்னொன்று மேட்டுக்கு வந்து நிரப்பிக்கொள்ளும்படி முறை வைத்தால் தெருவுக்குள் ஊற்றும் தேவை வராது. ஏறியிருப்பவர்களை இறக்கிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். இரவில் கைவிளக்கைக் கேன் திறப்பதற்கு முன்பே போட்டு, மூடிய பிறகே அணைக்க வேண்டும். நெற்றியில் கட்டும் விளக்காக இருந்தால் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஊற்றுவது வேண்டாம், நழுவினால் நேரே புனலுக்குள்.

இவ்வளவுக்கும் பிறகு தீப்பிடித்தால் என்ன செய்வது? 2 கிலோ உலர்பவுடர் அணைப்பான் ஒன்று படகில் இருக்க வேண்டும், அணியப் பக்கமோ நடுவிலோ. இன்ஜின் பக்கத்தில் மாட்டிவைத்தால் தீயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பின்னை இழுத்து, சுடரின் உச்சியைக் குறிவைக்காமல், அடியைக் குறிவைத்து இப்படியும் அப்படியும் வீச வேண்டும். 2 கிலோ பவுடர் பத்து விநாடிபோலத்தான் வரும். தனி டேங்க் என்றால் முடிந்தால் குழாயைப் பிடுங்கிவிடலாம். மேல்மூடிக்குள் எரிந்தால் மூடியைக் கழற்றக் கூடாது, காற்று புகுந்து பொங்கும். மூடியின் இடைவெளி வழியாகப் பவுடரை அடிக்க வேண்டும். தண்ணீரை வீசினால் பெட்ரோல் அதன்மேல் ஏறிப் படகு முழுக்கப் பரவும். கையில் எரிகிற கேன் இருந்தால் அதை வீசத் தோன்றும். வீசினால் உங்கள்மேலும் அடுத்தவர்மேலும் சிதறும். கேனின் சிறிய வாயில் மட்டும் எரிந்தால் நனைத்த சாக்கைப் போட்டு மூடினால் அணைந்துவிடும். அணையாது என்று தெரிந்தால் குதித்துவிட வேண்டியதுதான், காற்று வரும் திசையை நோக்கி. எரியும் பெட்ரோல் தண்ணீர்மேல் காற்றோடு நகரும். காற்றோடு சேர்ந்து நீந்தினால் அதுவும் கூடவே வரும். தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் தண்ணீர். பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம்.

மதுரைக்காரர்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. வைகை அணையில் சிந்துவது நாம் குடிக்கும் தண்ணீரில் சிந்துவது. சிந்திய இடத்தில் சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் படலம் கண்ணுக்கு மறைந்துவிடும், பெட்ரோல் போயிருக்காது. பொடிப்பொடியாகத் தண்ணீரோடு கலந்திருக்கும். தேங்காய் நாரையோ துணியையோ போட்டு ஒற்றி எடுப்பதுதான் முறை. வண்டியூர்த் தெப்பத்தை வடம்பிடித்து இழுக்கிறோம், அங்கே இந்த வம்பே இல்லை. எல்லாப் படகையும் அப்படி இழுக்க முடியாதுதான்.

படகு விடுவதற்கு அனுமதி கொடுக்கும் உள்ளாட்சிகளும் குத்தகை எடுப்பவர்களும் சிலவற்றைச் செய்யலாம். ஏறும் படித்துறையிலிருந்து தள்ளி, நிரப்புவதற்கென்று கரையில் ஓர் இடம், மணல் நிரப்பிய இரண்டு வாளி, நிழலும் காற்றோட்டமும் உள்ள பூட்டிய கேன் அறை. பயணிகள் படகில் இருக்கும்போது டேங்க் மூடியைத் திறக்கக் கூடாது என்ற ஒரு வரியைக் குத்தகை நிபந்தனையில் சேர்க்கச் செலவே இல்லை. படகுக்கு ஒரு அணைப்பான் என்று வாங்கிவைத்தால் மட்டும் போதாது. ஈரத்திலும் ஆட்டத்திலும் பவுடர் அடியில் இறுகும். மாதம் ஒருமுறை கவிழ்த்துப் பிடித்து உள்ளங்கையால் தட்டி, அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து, தேதியை அதன் கழுத்தில் கட்டிய அட்டையில் குறிக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் தங்கள் நாளிதழ் இந்த விவரங்களைப் படம் போட்டு ஒரு பக்கமாக வெளியிட்டால், அதை வெட்டிப் படகுக் கொட்டகைக் கதவில் ஒட்டிவைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
அவுட்போர்டு இன்ஜின் வேலை செய்வோர் சிலர்,
மதுரை.